கார் ரேடியோ, பாட்டு செட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கும்பகோணத்தில் 20 வருடமாக வண்டிகளுக்கு செட் மாட்டுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

திருவாரூர்: அண்ணே, தஞ்சாவூர் நெருங்கினால் காரைக்கால் எஃப்எம் கரகரக்கிறது. செட் கோளாறா?

இல்லை தம்பி. எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போவது, பூமியின் வளைவு தாண்டினால் மங்கிவிடும். நம் பக்கம் மலை இல்லாததால்தான் இவ்வளவு தூரமாவது வருகிறது. தஞ்சாவூரில் திருச்சி நிலையத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். காரைக்கால் 100.3, திருச்சி ரெயின்போ 102.1 இரண்டையும் வீட்டு வாசலிலேயே பட்டனில் பதிந்து வையுங்கள். ஓட்டும்போது திருகித் தேடாதீர்கள். செட்டில் ஏஎம் (மீடியம் வேவ்) இருந்தால் 936-இல் திருச்சி வானொலி இன்னும் தூரம் வரும்.

வேதாரண்யம்: வீட்டு வாசலிலேயே ரேடியோ சரியாக எடுக்கவில்லை.

உப்புக்காற்றுதான். போன மாதம் உங்கள் ஊர் வண்டி ஒன்றில் ஆன்டெனாவைக் கழற்றினேன். அடியில் திருகு முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கியதும் குரல் தெளிந்துவிட்டது. அதைச் செய்யாமல் புது செட் வாங்காதீர்கள்.

மன்னார்குடி: பையன் சத்தமாக வைத்துத்தான் ஓட்டுகிறான். எவ்வளவு வைக்கலாம் ஐயா?

அம்மா, செட்டில் காட்டும் வால்யூம் எண்ணைப் பார்க்க வேண்டாம். வண்டியை நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, அவன் வைக்கும் சத்தத்தில் பாட்டைப் போடச் சொல்லுங்கள். பின்னால் 10 அடி தள்ளி ஒருவர் பைக் ஹாரன் அடிக்கட்டும். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். தை அறுவடையில் நம் ரோட்டில் பாதியில் நெல் காய்கிறது, மீதியில் டிராக்டர், அறுவடை மெஷின். நெல் கிளறுகிறவர் கத்துவது காதில் விழ வேண்டாமா? ஒருமுறை திருவாரூர் ரோட்டில் எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது, கண்ணாடியில் விளக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இன்றும் மனது உறுத்துகிறது. காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம், 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதி.

மயிலாடுதுறை: ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி) மாட்டப் போகிறேன். எதைக் கவனிக்கணும்?

பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கணும். ஆம்ப் பக்கத்தில் மட்டும் போட்டால், நடுவில் ஒயர் உரசி வண்டியின் தகட்டில் பட்டதும் தீப்பிடிக்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரையே போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙீ' என்று இரைந்தால், முதலில் ஆம்ப்பின் எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்குங்கள்.

நாகப்பட்டினம்: புயல் நேரத்தில் கார் ரேடியோவை எவ்வளவு நேரம் நம்பலாம்?

2018 நவம்பரில் கஜா அடித்தபோது கரண்டும் இல்லை, செல் டவரும் இல்லை. செய்தி கேட்டது இதில்தான். சாவியை முதல் நிலையில் வைத்து, விளக்கும் ஏசியும் அணைத்து, சின்னச் சத்தத்தில் கேட்டால் நல்ல பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி என்றால் அதற்குப் பிறகு செல்ஃப் எடுக்காது. அதனால் செய்தி நேரத்துக்கு மட்டும் போட்டு அணைத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்ற இன்ஜினை ஓட விடுவதானால் வண்டியை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.