வெட்டி இழுக்கும் கால்கள்

கேள்வி: படகிலிருந்து விழுந்து என் வீட்டுக்காரருக்குத் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரியில் கால்கள் விறைத்து வெட்டி இழுக்கின்றன. ஒரு வாரமாக ரொம்ப அதிகம். சுடுமணல் ஒத்தடம் கொடுக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ஒத்தடம் வேண்டவே வேண்டாம் அம்மா. உணர்வில்லாத தோல் வெந்து கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் புண்ணே இழுப்பைக் கூட்டிவிடும்.

இழுப்பு திடீரென்று கூடினால், பெரும்பாலும் உடம்பில் எதுவோ உறுத்துகிறது. முதலில், சிறுநீர் வடியக் குழாய் போட்டிருந்தால் அதைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, நீர் கலங்கி நாறுகிறதா? பிறகு மலச்சிக்கல், பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம்.

காலையிலும் இரவிலும் கால்களை நீட்டிவிடுங்கள். முழங்கால் நேராக இருக்கட்டும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை உங்கள் முன்கையால் அவர் முகத்தின் பக்கமாக மெதுவாகத் தள்ளி, 30 முதல் 60 விநாடி பிடியுங்கள். வேகமாக இழுத்தால் விறைப்பு கூடத்தான் செய்யும். பாதம் படபடவென்று துடித்தால் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள்.

விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையை வழக்கமாக 5 மி.கி. வீதம் மூன்று வேளை தொடங்கி, மருத்துவர் படிப்படியாக ஏற்றுவார். தீர்ந்துபோய் சட்டென்று நின்றால் வலிப்பு, கடும் காய்ச்சல், மனக்குழப்பம் வரலாம். புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன் பாலம் தாண்டுவதே பாடு. பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

அடிபட்டது நெஞ்சுமட்டத்திலோ அதற்கு மேலோ என்றால் ஒன்று: திடீர்த் தலைவலியோடு முகம் சிவந்து வியர்த்தால், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாய் அடைப்பைப் பாருங்கள். அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.