அரசு சிறிதாக இருக்க வேண்டும் என்னும் அமெரிக்கப் பழமைவாதிகள், அரசுப் பணிக்கே வருவது ஏன்?

முரண்போலத் தெரியும். ஆனால் பழைய தலைமுறைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலருக்கு, அரசு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது ஒரு கேள்வி, நாட்டுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி.

குடியரசுக் கட்சி அதிபராக இருந்த மூத்த புஷ்ஷை (ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி, பிறகு டெக்சஸின் ஹூஸ்டனிலிருந்து நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர், ஐ.நா. தூதர், சி.ஐ.ஏ. இயக்குநர், துணை அதிபர், அதிபர். 1968இல், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். சொந்தத் தொகுதியே கொதித்தது.

1988 கட்சி மாநாட்டில் 'புதிய வரி கிடையாது' என்று அடித்துச் சொன்னார். 1990இல் பட்ஜெட் பற்றாக்குறை பெருகிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில். செலவுக் குறைப்புக்கு அவர்கள் இறங்கிவர, உச்ச வருமான வரியை 28இலிருந்து 31 சதவீதமாக்க இவர் ஒப்புக்கொண்டார். கீழவைத் தலைவர்களில் ஒருவரான நியூட் கிங்ரிச் உட்படச் சொந்தக் கட்சியினரே எதிர்த்தார்கள். 1992இல் கிளிண்டனிடம் தோற்றார். (பொருளாதார மந்தநிலையும், சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவும்கூடக் காரணம்தான்.)

என்னைக் கேட்டால், வரவுக்கு மீறிக் கடன் வாங்காதே என்பதுதான் பழமைவாதத்தின் அரிச்சுவடி. அதைக் காப்பாற்றத்தான் வாக்கை மீறினார். அப்படியொரு வாக்கைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்பது தனிக் கதை. 2014இல் அந்த உடன்பாட்டுக்காகவே கென்னடி நூலக அறக்கட்டளை அவருக்குத் துணிவுக்கான விருது கொடுத்தது. கட்சி கற்றுக்கொண்டது நேரெதிர்ப் பாடம்: வரி உயர்வுக்குக் கை தூக்கும் குடியரசுக் கட்சிக்காரர் அதன்பின் அரிதாகிவிட்டார்.