1909 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்தால் தொல்லை அழைப்புகள் நிற்குமா?

பாதிதான் நிற்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி, விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். பதிவு செய்தவர்கள் ஓரளவு அடங்கிவிட்டார்கள். "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று மத்தியானத் தூக்கத்தைக் கலைப்பவர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒரு சிம் போனால் இன்னொரு சிம்.

2025 திருத்தம் இங்கேதான் கைவைத்தது. முன்பு ஒருவர் மீது 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை. இப்போது 10 நாளில் 5 போதும். புகார் கொடுக்கும் அவகாசமும் 3 நாளிலிருந்து 7 நாளாகிவிட்டது. அதனால் போனை வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எண், தேதி, விஷயம் மூன்றையும் அனுப்புங்கள். உங்களுடையது அந்த ஐந்தாவது புகாராக இருக்கலாம்.

அப்புறம், வாட்ஸ்அப் இந்த விதிக்குள் வராது. அதில் வரும் மோசடிச் செய்திகளை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.