எத்தனை அடி தாங்கும்? போக்கிமான் கேள்வி பதில்

தன் போக்கிமான் எத்தனை டர்ன் (சண்டைச் சுற்று) நிற்கும் என்று கேட்டுத்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அவற்றில் பலவும் கார்சோம்ப் என்ற போக்கிமானின் எர்த்குவேக் மூவையும் (தாக்குதலையும்) ஸ்னோர்லாக்ஸ் என்ற குண்டுப் போக்கிமானின் வயிற்றையும் சுற்றியே வந்ததால் இந்த இருவரையே எடுத்துக்கொண்டோம். கணக்கெல்லாம் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களுக்கு, லெவல் 50, ஐவி (பிறவியிலேயே வரும் திறன் புள்ளி) 31, டெரா (சண்டை நடுவே டைப்பை மாற்றுவது) கிடையாது. கார்சோம்ப்புக்கு ஜாலி நேச்சர் (ஸ்பீடைக் கூட்டும் குணம்), அட்டாக்கிலும் ஸ்பீடிலும் தலா 252 ஈவி (பயிற்சியால் சேரும் புள்ளி). வேறாகச் சொல்லாத இடத்தில் ஸ்னோர்லாக்ஸுக்கு ஈவி ஏதும் போடவில்லை. ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 235, டிஃபென்ஸ் 85.

ஸ்னோர்லாக்ஸிடம் லெஃப்ட்ஓவர்ஸ் (டர்ன்தோறும் கொஞ்சம் ஹெச்பி தரும் பொருள்) இருக்கிறது. எர்த்குவேக் இரண்டே அடியில் வீழ்த்த 94.9% வாய்ப்பு என்கிறது டேமேஜ் கால்குலேட்டர். மிச்சமுள்ள 5.1% எங்கிருந்து வருகிறது?
*வாசகர், திருநெல்வேலி*

256-க்கு 13. அங்கிருந்துதான் வருகிறது. கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு கால்குலேட்டர் சொல்வது எல்லாமே புரியும்.

லெவலை 2 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுத்து, 2 கூட்டுங்கள்: 22. அதை எர்த்குவேக்கின் பவர் 100 ஆலும் கார்சோம்ப்பின் அட்டாக் 182 ஆலும் பெருக்கினால் 4,00,400. ஸ்னோர்லாக்ஸின் டிஃபென்ஸ் 85 ஆல் வகுத்தால் 4710. அதை 50 ஆல் வகுத்தால் 94. இரண்டு கூட்டினால் 96. ஒவ்வொரு படியிலும் புள்ளிக்குப் பின் வருவதை அங்கேயே வெட்டிவிட வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடை ஒன்றிரண்டு புள்ளி தள்ளிப் போகும்.

இனிதான் குலுக்கல். ஆட்டம் 85 முதல் 100 வரை ஓர் எண்ணை எடுத்து, இந்த 96-ல் அத்தனை சதவீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். பதினாறு எண்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. அதன்மேல், கார்சோம்ப்பும் கிரவுண்ட் டைப், மூவும் கிரவுண்ட் டைப் என்பதால் ஒன்றரை மடங்கு. இந்தப் பெருக்கலில் மட்டும் சரியாக அரை வந்தால் கீழே இறக்க வேண்டும். கிடைக்கும் பதினாறு அடிகள்: 121, 123, 124, 126, 127, 129, 130, 132, 133, 135, 136, 138, 139, 141, 142, 144.

முதல் டர்ன் முடிவில் லெஃப்ட்ஓவர்ஸ் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 14 ஹெச்பி தரும். ஆகவே இரண்டு அடியும் சேர்ந்து 249-ஐத் தொட்டால்தான் ஸ்னோர்லாக்ஸ் விழும். 16 × 16 = 256 ஜோடிகளில் 248-ஐத் தாண்டாதவை எத்தனை? முதல் அடி 121 என்றால் இரண்டாவது 127 வரை போகலாம்: ஐந்து ஜோடி. 123 என்றால் மூன்று, 124 என்றால் மூன்று, 126-க்கு ஒன்று, 127-க்கு ஒன்று. மொத்தம் 13.

சராசரியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் வழுக்குவது இங்கேதான். சராசரி அடி 133 இருக்கும். 249-ஐ அதால் வகுத்தால் 1.87. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுக்க முடியும்? குறைந்தபட்ச அடி எத்தனை, அதிகபட்ச அடி எத்தனை, நடுவில் எத்தனை ஜோடி விழுகிறது, இந்த மூன்றுதான் வேண்டும். அந்த 94.9-ல் கிரிட்டிகல் (சுருக்கமாக கிரிட், ஒன்றரை மடங்காக விழும் அதிர்ஷ்ட அடி) சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கிரிட் விழ 24-ல் ஒரு வாய்ப்பு. விழுந்தால் இதே அடி 183 முதல் 216 வரை போகும். அதையும் சேர்த்தால் உங்கள் 5.1% என்பது 4.7% ஆகச் சுருங்குகிறது.

252 ஈவியை ஹெச்பியில் போடுவதா, டிஃபென்ஸிலா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

எர்த்குவேக் போன்ற ஃபிசிக்கல் அடிக்கு (டிஃபென்ஸ் தாங்கும் வகை) மட்டும் என்றால் டிஃபென்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம். ஹெச்பியையும் டிஃபென்ஸையும் பெருக்கிப் பாருங்கள். ஹெச்பியில் போட்டால் 267 × 85 = 22,695. டிஃபென்ஸில் போட்டால் 235 × 117 = 27,495. இரண்டிலும் கூடுவது அதே 32 புள்ளிதான். 235-க்கு 32 சின்னத் தொகை, 85-க்கு அது பெரிய தொகை. ஏற்கெனவே கொழுத்திருக்கும் பக்கத்தில் போடாமல் ஒல்லியான பக்கத்தில் போடுங்கள்.

டர்னாக மாற்றினால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். டிஃபென்ஸ் 117 ஆனதும் எர்த்குவேக் 88 முதல் 105 வரைதான் எடுக்கும். இரண்டு அடி சேர்ந்தாலும் 210-ஐத் தாண்டாது, மூன்றாவதில்தான் விழும். ஹெச்பியில் போட்டு லெஃப்ட்ஓவர்ஸும் கொடுத்தால் இரண்டு அடியில் விழும் வாய்ப்பு 256-ல் 10, அதாவது 3.9%. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டில் ஓர் அடி கிரிட் ஆனாலும் கதை முடிந்தது. அதைச் சேர்த்தால் 11.7%. டிஃபென்ஸ் வழியில் ஒரு கிரிட் விழுந்தாலும் பல நேரம் தப்பலாம்.

எதிரணியில் ஸ்பெஷல் அடிக்காரர்களும் இருந்தால் டிஃபென்ஸில் போட்டது அங்கே ஒரு புள்ளிக்கும் உதவாது; ஹெச்பி இரண்டு பக்கமும் உழைக்கும். யார் அடிக்கு நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு ஈவியைத் தொடுங்கள்.

லெஃப்ட்ஓவர்ஸா, சிட்ரஸ் பெர்ரியா?
*வாசகர், கோவை*

சண்டை எத்தனை டர்ன் ஓடும் என்பதைப் பொறுத்தது. சிட்ரஸ் ஒரே வாயில் கால் பங்கு தரும். லெஃப்ட்ஓவர்ஸ் அதை எட்ட நான்கு டர்ன் வேண்டும். மேலே சொன்ன ஈவி இல்லாத ஸ்னோர்லாக்ஸிடம் சிட்ரஸ் கொடுத்தால், முதல் அடி எப்படி விழுந்தாலும் ஹெச்பி பாதிக்குக் கீழே போய்விடும். அந்த நொடியே பெர்ரி 58-ஐத் திருப்பித் தரும். 235 + 58 = 293. இரண்டு அடியின் உச்சம் 288. கிரிட் விழாதவரை இரண்டாவது அடியிலும் நிச்சயம் நிற்கும். நீண்டு நிற்கும் சண்டைக்கு லெஃப்ட்ஓவர்ஸ். எதிரி நாக் ஆஃப் (கையிலுள்ள பொருளைத் தட்டிவிடும் மூவ்) வைத்திருந்தால் மட்டும் கணக்கில் அதை நம்பாதீர்கள். பறிபோன பிறகு 14-உம் இல்லை, ஒன்றும் இல்லை.

என் ஸ்னோர்லாக்ஸ் (திறன் திக் ஃபேட், கையில் லெஃப்ட்ஓவர்ஸ்) டாக்ஸிக் விஷம் பட்டால் 7-வது டர்னில்தான் விழும். ஈவி போட்டு ஹெச்பியை 240 ஆக்கினேன். இப்போது 6-வது டர்னிலேயே விழுகிறது. ஹெச்பி கூடினால் ஆயுள் குறையுமா?
*வாசகர், கிள்ளான்*

குறையும், உங்கள் ஆட்டத்தில் கோளாறு இல்லை. டாக்ஸிக் முதல் டர்னில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு பங்கு, பிறகு மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். அந்த ஒரு பங்கை ஆட்டம் முதலிலேயே முழு எண்ணாக வெட்டிவிடுகிறது. 235-ஐ 16 ஆல் வகுத்தால் 14, மீதி 11. அந்த மீதி 11 தான் உங்களுக்கு ஒரு டர்ன் வாங்கித் தந்தது.

வரிசையும் முக்கியம். டர்ன் முடிவில் லெஃப்ட்ஓவர்ஸ் முதலில், விஷம் பிறகு. முதல் டர்னில் ஹெச்பி நிறைந்திருப்பதால் லெஃப்ட்ஓவர்ஸ் வீண். விஷம் 14 எடுத்து 221. அடுத்த டர்ன் 14 ஏறி 235, 28 இறங்கி 207. பிறகு 179, 137, 81. ஆறாவது டர்னில் 14 ஏறி 95, அதில் 84 போய் 11. ஏழாவதில் 25 ஆகி, 98 எடுக்க வரும்போது ஆள் காலி.

240 என்றால் பங்கு மிச்சமில்லாமல் 15. 225, 210, 180, 135, 75 என்று இறங்கி, ஆறாவது டர்னில் 15 ஏறி 90. விஷம் எடுப்பதும் அதே 90. பூஜ்யம்.

36 ஈவி போட்டிருப்பீர்கள். 28-ல் நிறுத்துங்கள், ஹெச்பி 239 ஆகும், மீதி 15 கையில் நிற்கும். மணற்புயலும் இதே பதினாறில் ஒரு பங்குதான் என்பதால் அங்கும் 239 ஒரு புள்ளி மிச்சம் பிடிக்கும். விஷம், புயல் எதுவும் இல்லாத எதிரியிடம் 240 நல்லது, லெஃப்ட்ஓவர்ஸ் 15 தரும். டாக்ஸிக்கின் எண்ணிக்கை, வெளியே போய்த் திரும்பி வந்தால் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது அடியில் விழும் என்றால் எனக்கு இரண்டு டர்ன் கிடைக்கும்தானே?
*வாசகர், சேலம்*

எதிரியைவிட நீங்கள் வேகம் என்றால் இரண்டு. மெதுவென்றால் ஒன்றுதான். ஸ்னோர்லாக்ஸின் ஸ்பீடு 50, கார்சோம்ப்புக்கு 169. இரண்டாவது அடி விழுந்த பிறகு உங்கள் முறை வரவே வராது.

அந்த ஒரே முறையை எதற்குச் செலவிடுகிறீர்கள் என்பது கணக்கையே மாற்றும். ஸ்னோர்லாக்ஸ் முதல் டர்னில் கர்ஸ் போட்டால் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்காகி 127. இரண்டாவது எர்த்குவேக் 82 முதல் 97 வரை. முதல் அடிக்கும் லெஃப்ட்ஓவர்ஸுக்கும் பிறகு கையில் 105 முதல் 128 வரை இருக்கும். ஆக, கிரிட் இல்லாவிட்டால் இரண்டாவது அடியிலும் பிழைப்பது உறுதி. அப்போதே ரெஸ்ட் (தூங்கி ஹெச்பியை நிரப்பும் மூவ்) போட்டுவிடுங்கள். மறுபடி கர்ஸ் போட ஆசைப்பட்டால் மூன்றாவது அடியில் போய்விடும்: கையில் அதிகபட்சம் 60, அடி குறைந்தது 61. கிரிட் என்பது கர்ஸ் ஏற்றிய டிஃபென்ஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

டபுள்ஸில் (இருவருக்கு இருவர் சண்டையில்) இதே கணக்கா?
*வாசகர், மதுரை*

எர்த்குவேக் அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவர்மேல் விழுவதால் முக்கால் பங்குதான்: 91 முதல் 108. ஈவி இல்லாமலே மூன்றாவது அடிவரை நிற்கும். களத்தில் அடிவாங்க ஒருவர் மட்டுமே மிஞ்சினால் முழு அடி திரும்பி வந்துவிடும்.

ஓர் அடி அதிகபட்சம் 45% தான் எடுக்கிறது, என்னிடம் ரெக்கவர் (பாதி ஹெச்பியைத் திருப்பித் தரும் மூவ்) இருக்கிறது. அப்படியானால் விழவே மாட்டேன் அல்லவா?
*வாசகர், சிங்கப்பூர்*

பிபியை (ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற கணக்கை) எண்ணுங்கள். முந்தைய பாகங்களில் 10 ஆக இருந்த ரெக்கவர் இப்போது 5 தான். பிபி அப் (பிபியைக் கூட்டும் பொருள்) முழுதாகக் கொடுத்தால் 8. உங்கள் 100 சதவீதத்தோடு எட்டுத் தடவை 50 சேர்த்தால் 500. 45 ஆல் வகுத்தால் 11 அடி. எதிரியின் எர்த்குவேக்குக்கு பிபி 16 வரை இருக்கலாம். அதாவது ஒரு சொட்டும் வீணாக்காமல் ஆடினாலும் 12-வது அடியில் விழுவீர்கள். அதற்கு முன்னாலேயே, 11 அடிக்குள் ஒரு கிரிட்டாவது விழ 37% வாய்ப்பு. விழுந்தால் 45 என்பது 67 ஆகும். ரெக்கவரை 70 சதவீதத்துக்குக் கீழே போகும் முன்பே போடும் பழக்கம் கிரிட்டைத் தாங்கும், ஆனால் பிபியைத் தின்னும். எங்கள் வாக்கு முன்னதற்கே.

இந்தக் கணக்கு போக்கிமான் கோ என்ற மொபைல் ஆட்டத்துக்கும் ஒத்து வருமா?
*வாசகர், திருச்சி*

வராது. அங்கே டிரெய்னர் சண்டையில் ஒரு டர்ன் என்பது அரை வினாடி. 85 முதல் 100 வரையான குலுக்கலும் இல்லை, கிரிட்டும் இல்லை. ஆகவே வாய்ப்புக் கணக்கு வேண்டாம், வகுத்தால் போதும். ஃபாஸ்ட் மூவின் (அடுத்தடுத்துப் போடும் சிறு மூவ்) டேமேஜ் சின்ன முழு எண் என்பதால், அட்டாக்கில் ஒரு சிறு கூடுதல் அதை 4-லிருந்து 5 ஆக்கிவிட்டால் 120 ஹெச்பி ஆள் 30 அடிக்குப் பதில் 24-லேயே விழுவான். பார்க்க வேண்டியது அந்தப் படியைத்தான்.