பழைய வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிகள்: நீங்கள் கேட்டவை, நான் சொல்வது

டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறேன். 1966 பான்டியாக் ஜிடிஓ ஒன்றை 14 வருடமாகக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறேன். நடுவில் நண்பர்களின் செவ்ரோலெட் செவெல் இரண்டிலும் கை வைத்தேன். பான்டியாக், செவ்ரோலெட் இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுப் பிள்ளைகள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைப் பற்றி என்றால் தைரியமாகப் பேசுவேன். கிரைஸ்லர் பக்கம் போனால் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

நியூ ஜெர்சி: 20 வருடம் கொட்டகையில் நின்ற 1966 ஜிடிஓ வாங்கியிருக்கிறேன். எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. எங்கே ஆரம்பிப்பது, அண்ணா?

பிரேக்கில், தம்பி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்கக் கை பரபரக்கும், தெரியும். எனக்கும் பரபரத்தது.

பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். உங்கள் வண்டியில் அது ஒற்றை அறை. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரே பாதை. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. நான் வாங்கிய இரண்டாவது கோடையில், சிவப்பு விளக்குக்கு வேகம் குறைக்கலாம் என்று பெடலை அழுத்தினேன். அது பாட்டுக்குத் தரை வரை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பின் அச்சுக்கு மேலே ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். அது வெடித்திருக்கிறது. இரண்டாவது கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை மிதித்து, ஓரத்துப் புல்தரையில் ஏற்றி நிறுத்தினேன். முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று நின்றிருந்தது.

1967 மாடலிலிருந்து இரட்டை அறை வந்துவிட்டது. அந்த வகையை 66-இல் மாட்டலாம். குழாய்களை முன்சக்கரம், பின்சக்கரம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டிரம் பிரேக்குக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ரப்பர் ஹோஸ், நாலு வீல் சிலிண்டர், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், எல்லாம் புதிது. டாட் 3 வகை பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகு எஞ்சின்.

அட்லாண்டா: புதிதாகக் கட்டிய 400 (கன அங்குல) எஞ்சின். எந்த ஆயில்? கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிலே போதும் என்கிறார் மெக்கானிக்.

போதாது. இந்த எஞ்சின்களில் வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டின் மேடும், அது தள்ளும் லிஃப்டரின் அடியும் நேருக்கு நேர் உரசும், நடுவில் உருளை கிடையாது. லிஃப்டரின் அடி தட்டையாகத் தெரியும், ஆனால் மிக லேசாகக் குவிந்திருக்கும். மேடும் ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் தானாகச் சுழன்றுகொண்டே தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் இருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய கார் ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். பல வகைகளில் பத்து லட்சத்தில் 800 பங்குக்கு மேல் இருக்காது. உங்களுக்கு 1,200-ஐ ஒட்டித் தேவை. பழைய வண்டிகளுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்குங்கள்.

முதல் ஸ்டார்ட் இன்னும் முக்கியம். பிடித்தவுடன் 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐடிலில் விடாதீர்கள். கேம்மின் மேடுகளுக்கு ஆயில் வருவதே கிராங்க் சுழன்று தெளிப்பதால்தான். மெதுவாகச் சுற்றினால் தெளிப்பு போதாது. 20 நிமிடத்தில் மேடு மழுங்கி, இரும்புத்தூள் பேரிங் வரை போய்விடும். பெட்ரோலைப் பற்றவைக்கும் டைமிங் சரியில்லை, கார்புரேட்டர் ஒழுகுகிறது என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். ஐடிலில் விட்டு நோண்ட வேண்டாம்.

பிரேக் பார்த்தாகிவிட்டதா?

சிகாகோ: 1970 செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) விற்பனைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று வின் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாமா?

முடியாது. 1966 முதல் 68 வரை எஸ்எஸ் தனி மாடல், வின் 138 என்று தொடங்கும். 1969-இலிருந்து அது கூடுதல் காசுக்குச் சேர்க்கும் பொட்டலம் ஆகிவிட்டது. 1970-இல் செவெலின் சாதா வகையான மாலிபு வி8-உம் எஸ்எஸ்-உம் ஒரே 136. பேட்ஜ், கோடு, பானெட் எல்லாமே இன்று கடையில் கிடைக்கிறது.

காகிதம் கேளுங்கள். எந்த எஞ்சின், என்னென்ன பாகம் என்று எழுதிய தொழிற்சாலையின் பில்டு ஷீட் சில வண்டிகளில் இன்னும் உள்ளேயே இருக்கும்: பெட்ரோல் டேங்கின் தலையில், இல்லையென்றால் சீட் ஸ்பிரிங்குக்குள். நண்பர் ஒருவரின் ‘எஸ்எஸ் 396’-இல் டேங்கை இறக்கியபோது, எலி தின்றது போக முக்கால் பக்கம் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். 396 இல்லை, 307 எஞ்சின், இரண்டு கியர் பவர்கிளைட். எஸ்எஸ்ஸே இல்லை. நண்பர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை.

ஹூஸ்டன்: 1969 செவெல். எஸ்எஸ்தானா?

மேலே இருப்பதைப் படியுங்கள்.

சென்னை: இப்படி ஒரு வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

அது சுங்கத்துறை, வெளிநாட்டு வர்த்தக விதி விவகாரம். பணம் கொடுப்பதற்கு முன் அங்கே இறக்குமதி ஏஜென்ட் ஒருவரிடம் கேளுங்கள்.

ஆஸ்டின்: 1972 செவெல், துரு இல்லை, ஆனால் அசல் எஞ்சின் எப்போதோ போய்விட்டது. செவ்ரோலெட்டின் நவீன வி8-ஆன எல்எஸ் எஞ்சின் மாட்டலாமா?

தாராளமாக. அசல் எஞ்சினே இல்லாத வண்டியில் யார் என்ன சொல்ல முடியும்? பிரேக்கையும் அதற்கேற்ற மாதிரி மாற்றுங்கள்.

கிளீவ்லேண்ட்: நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? நாளைக்கு ஜிடிஓவிலும் செவ்ரோலெட் எஞ்சின் போடச் சொல்வீர்களா? அதற்குப் பேர் பழுதுபார்ப்பு இல்லை, சிதைப்பு.

சான் ஹோசே: அவர் காட்சிக்கு வைக்கட்டும். நான் 400 குதிரைத்திறன் எல்எஸ் மாட்டிய வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு ஓட்டுகிறேன். காலையில் சாவி திருகினால் ஸ்டார்ட் ஆகிறது.

வந்துவிட்டதா சண்டை! சரி.

கிளீவ்லேண்ட் ஐயா, முதல் ஜிடிஓவே எஞ்சின் மாற்றத்தில் பிறந்ததுதான். நடுத்தர வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனின் குழு பெரிய பான்டியாக்கின் 389-ஐத் தூக்கி டெம்பெஸ்ட் என்ற நடுத்தர வண்டியில் வைத்தது. தனி மாடல் என்றால் அனுமதி வாங்க வேண்டும், அதனால் 1964-இல் அதை ஆப்ஷன் என்று சொல்லி விற்றார்கள். 1966-இல்தான் தனி மாடல் ஆயிற்று. அந்த வருடம் மட்டும் 96,946 விற்றது. விதியை மீறிப் பிறந்த வண்டிக்கு இவ்வளவு ஆசாரம் எதற்கு?

கிளீவ்லேண்ட்: அது பான்டியாக்கில் பான்டியாக் எஞ்சின். டெம்பெஸ்டில் ஏற்கெனவே இருந்த 326-உம் 389-உம் வெளி அளவில் ஒன்று. ஒரு தாங்கியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எல்எஸ் அப்படியா?

இந்தப் புள்ளி உங்களுக்கு. உங்கள் பக்கம் இன்னொரு சாட்சியும் இருக்கிறது: 1977-இல் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் சொல்லாமல் செவ்ரோலெட் 350 எஞ்சினை வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் சமரசத்துக்கு வர வேண்டியதாயிற்று. ஆக, எந்த வீட்டு எஞ்சின் என்பது ஜனங்களுக்கு அன்றே முக்கியமாகத்தான் இருந்தது.

என் கணக்கு இது. வண்டியோடு பிறந்த எஞ்சின் கையில் இருந்தால், ஓடாவிட்டாலும் பிளாஸ்டிக் சுற்றி மூலையில் வையுங்கள், விற்காதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் இஷ்டம். ஆனால் ஃபிரேமை வெட்டாதீர்கள், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் புது ஓட்டை போடாதீர்கள். சான் ஹோசேக்காரரே, குழந்தைகளை ஏற்றுகிறீர்கள். முன்னால் டிஸ்க் பிரேக் போட்டீர்களா?

சான் ஹோசே: இன்னும் டிரம்தான்.

400 குதிரைத்திறனோடு? இந்த வாரமே மாற்றுங்கள்.

பீனிக்ஸ்: 1971-இல் 365 குதிரைத்திறன் என்று விற்ற 454 எஞ்சினுக்கு 1972-இல் 270 என்று போட்டிருக்கிறதே. அவ்வளவு கெடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் அளக்கும் முறை மாறியதுதான் காரணம். முன்பு எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, ஏர் ஃபில்டரும் மஃப்ளரும் இல்லாமல் அளந்தார்கள். 1972-இல் வண்டியில் இருப்பதுபோல எல்லாம் மாட்டி அளந்தார்கள்.

டென்வர்: 1969 கமாரோ எஸ்எஸ்...

அதன் வின் ஆறு சிலிண்டரா, எட்டா என்பதோடு நின்றுவிடும். செவெலுக்குச் சொன்னதேதான். எஸ்எஸ் கேள்வி இன்றைக்கு இத்தோடு போதும்.

பஃபலோ: என் 389, மேடு ஏறும்போது கடகடவென்று தட்டுகிறது. 93 ஆக்டேன்தான் போடுகிறேன்.

அதன் கம்ப்ரஷன் 10.75-க்கு 1. அன்றைய பிரீமியம் பெட்ரோலை நம்பிச் செய்தது, இன்றைய 93 அதற்குப் பற்றாது. டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளிப் பாருங்கள். ஆக்டேன் ஏற்றும் பாட்டில் மருந்தில் ‘3 பாயிண்ட் ஏறும்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 0.3 என்று அர்த்தம், ஏமாறாதீர்கள்.

கொலம்பஸ்: என் பான்டியாக்கின் எஞ்சின் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது.

அங்கே சீல் என்பது கயிறு. நிஜமாகவே கயிறுதான். அடியில் அட்டை போடுங்கள்.

நியூ ஜெர்சி: அண்ணா, ஹோஸ்களைப் பார்த்தேன். விரிசல் ஒன்றும் இல்லை, புதுசு போல இருக்கிறது. இந்த ஒரு சீசன் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். அன்று வெடித்த பிறகு மற்ற இரண்டையும் கழற்றி நீளவாக்கில் கத்தியால் பிளந்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே ரப்பர் ஊதி, ஒரு தையல் ஊசி போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மூன்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாயின் நட்டைச் சாதா ஸ்பானரால் திருகினால் முனை மழுங்கிவிடும், ஃப்ளேர் நட் ஸ்பானர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பின்பக்கத்து நட்டுதான் படுத்தும்.