முதலில் கல்லறை, அப்புறம் விமான டிக்கெட்

கேள்வி: என் அப்பா தமிழர், அம்மா சீனர். ஈப்போவில் இருக்கிறோம். அம்மாவின் அப்பா (எங்களுக்குக் கோங் கோங்) 1936-இல் சீனாவிலிருந்து வந்து கிந்தா ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். ஊர் தோய்சான், கிராமத்தின் பெயர் ‘லுங்’ என்று தொடங்கும் என்பது மட்டும்தான் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. 1975-இல் அம்மா அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது கோங் கோங் ஆறு வருடம் பேசவில்லை. நான் பிறந்த பிறகுதான் சமாதானம். 1984-இல் காலமானார். கல்லறையை மாமாதான் பார்த்துக்கொண்டார், அம்மா அடக்கத்துக்குப் போனதோடு சரி. போன வருடம் மாமாவும் போய்விட்டார். அம்மாவுக்கு இப்போது 74 வயது. கான்டனீஸ் பேசுவார், ஆங்கிலப் பள்ளியில் படித்ததால் சீன எழுத்து தெரியாது. அடையாள அட்டையில் குடும்பப் பெயர் ‘இங்’. “அப்பா பிறந்த வீட்டை ஒரு தடவை பார்க்கணும்” என்கிறார். அடுத்த செங் பெங்குக்கே (ஏப்ரலில் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள்) கூட்டிப் போகலாமா? என் முகத்தில் அப்படியே அப்பா ஜாடை. அங்கே போய் நின்றால் என்னை ஏற்றுக்கொள்வார்களா?
— ஒரு வாசகி, ஈப்போ

பதில்: டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லையே? நல்லது. இப்போது உங்கள் கையில் இருப்பவை மூன்று ஒலிகள்: தோய்சான், லுங், இங். ஒலியை வைத்துக்கொண்டு சீனாவில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்து வேண்டும்.

‘இங்’ என்பதையே பாருங்கள். ஆங்கிலத்தில் ‘Ng’ என்று இரண்டே எழுத்து. அதற்குப் பின்னால் குறைந்தது மூன்று குடும்பப் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. கான்டனீஸ்காரர்களிடம் ‘இங்’ என்று ஒலிக்கும் பெயர்கள் இரண்டு. எழுத்து வேறு, குலம் வேறு, ஒலியில் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். மாண்டரினில் இரண்டுமே ‘வூ’ ஆகிவிடும். பினாங்குப் பக்கத்து ஹொக்கியன்காரர் ‘இங்’ என்று எழுதினால் அது பெரும்பாலும் ‘ஹுவாங்’, அதாவது கான்டனீஸில் ‘வோங்’. ‘லுங்’ கதையும் இதேதான். டிராகனைக் குறிக்கும் எழுத்துக்கும் செழிப்பைக் குறிக்கும் எழுத்துக்கும் கான்டனீஸில் ஒரே ஒலி. இரண்டுமே மங்களமான சொற்கள் என்பதால் கிராமத்துக்குக் கிராமம் வைத்திருக்கிறார்கள்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தோழியின் குடும்பத்தோடு, தோய்சானுக்குப் பக்கத்து மாவட்டமான கைப்பிங்குக்குப் போனேன். அவளும் ‘இங்’தான். உள்ளூரில் விசாரித்து ஒரு ‘இங்’ கிராமத்தில் இறக்கிவிட்டார்கள். பாட்டிமார் கையைப் பிடித்து உட்காரவைத்து, டீ கொடுத்து, வேர்க்கடலை கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஆள் அழுதும் முடித்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். வேறு ‘இங்’. மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அதனால் உங்கள் பயணம் கோங் கோங்கின் கல்லறையில் தொடங்குகிறது. சீனக் கல்லறைக் கல்லில் இறந்தவரின் பெயரோடு பூர்வீக ஊரையும் செதுக்குவது வழக்கம். சிலவற்றில் மாவட்டத்தின் பெயர் மட்டும் இரண்டு எழுத்தில் இருக்கும், சிலவற்றில் மாநிலம் தொடங்கிக் கிராமம் வரை இருக்கும். மேலே குறுக்காக எழுதியிருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தோய்சான் 1914 வரை ‘சன்னிங்’ என்ற பெயரில் இருந்தது. பழைய கல்லில் அந்தப் பெயரைப் பார்த்து வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்தைச் சீனக் குடியரசுக் கணக்கில் போட்டிருந்தால் அதோடு 1911-ஐக் கூட்டுங்கள்: 25 என்றால் 1936. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில், கல்லைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, முழுக்கல்லையும் பிறகு எழுத்து எழுத்தாகவும் படம் எடுங்கள்.

அடுத்து, மாமா வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஏதாவது இருக்கிறதா என்று அத்தையிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஊருக்குப் பணமும் கடிதமும் ஒரே உறையில்தான் போகும். நான்கு மாவட்டக்காரர்கள் (தோய்சான், கைப்பிங், யன்பிங், சன்வுய்) அதை ‘வெள்ளிக் கடிதம்’ என்பார்கள். இப்படிப்பட்ட கடிதங்களை யுனெஸ்கோ 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பதில் கடிதத்தின் உறை ஒன்று கிடைத்தால் போதும். பல உறைகளில் கிராமத்தோடு, கடிதத்தை வாங்கி வைக்கும் சந்தைக் கடையின் பெயரும் இருக்கும். எந்த ‘லுங்’ என்ற சிக்கலை அந்தச் சந்தையின் பெயர் அவிழ்த்துவிடும்.

எழுத்து கிடைத்ததும் தோய்சான்காரர்களின் ஊர்ச் சங்கத்துக்குப் போங்கள். சிங்கப்பூரில் இவர்களின் நிங் யேங் சங்கம் 1822-லேயே தொடங்கியது, அவ்வளவு பழைய வழக்கம். சங்கத்துப் பெரியவர்கள் கல்லைப் படித்துச் சொல்வார்கள். தோய்சானில் இருக்கும் வெளிநாட்டுச் சீனர் விவகார அலுவலகத்துக்குச் சீனத்தில் ஒரு கடிதமும் எழுதித் தரக் கேளுங்கள். உங்களைப் போன்றவர்களின் விசாரணை அவர்களுக்குப் புதிதல்ல. கடிதத்தில் கோங் கோங்கின் பெயர், அண்ணன் தம்பி பெயர்கள், புறப்பட்ட வருடம், ஒரு புகைப்படம். அண்ணன் தம்பி எதற்கு என்றால், ஒரே தலைமுறை ஆண்களின் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக இருப்பது வழக்கம். அந்த எழுத்தை வைத்து வம்சாவளிப் புத்தகத்தில் எந்தத் தலைமுறை என்று பிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கல்யாணத்தின்போது இன்னொரு பெயரும் வைப்பார்கள், புத்தகத்தில் அதுதான் ஏறியிருக்கலாம். எனவே கோங் கோங்கின் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். புத்தகமே இல்லை என்றால் நம்பலாம். கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966–76) எரிந்தவை ஏராளம்.

உங்கள் கடிதத்தில் போ போவை (அம்மாவின் அம்மா) பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? 1930-களின் தொடக்கத்தில் மலாயாவில் சீன ஆண்கள் வருவதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது. பெண்களுக்கு 1938 வரை அது இல்லை. அந்த வருடங்களில் கப்பல் கப்பலாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். உங்கள் பாட்டி அவர்களில் ஒருவரா, இங்கேயே பிறந்தவரா? அம்மாவிடம் அதையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் அம்மாவிடம் இப்போதே பேசிவிட வேண்டும். கோங் கோங் புறப்பட்டபோது என்ன வயது? இருபதுக்கு மேல் என்றால், ஊரில் அவருக்கு ஒரு மனைவி இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பையன் கடல் தாண்டினால் திரும்பி வராமல் போய்விடுவான் என்று கல்யாணத்தை முடித்தே கப்பலேற்றுவார்கள். மருமகள் மாமியாரோடு ஊரில் இருப்பாள், பணம் மாதாமாதம் வரும். இங்கே அவர் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் தெரிந்தே நடந்ததும் உண்டு, தெரியாமல் நடந்ததும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் பணம் போகும் வழி அடைபட்டது. 1943-இல் தோய்சான் இருக்கும் குவாங்டோங் மாநிலத்தில் பெரும் பஞ்சம், தோய்சானில் கடலைத் தாண்டி வரும் பணத்தை நம்பி இருந்த வீடுகள்தான் முதலில் விழுந்தன. 1950-களின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது, வெளிநாட்டுப் பணத்தில் நிலம் வாங்கியிருந்த குடும்பங்கள் பண்ணையார் என்று முத்திரை குத்தப்பட்டு அவதிப்பட்டன. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் உங்கள் அம்மாவுக்கு அக்கா, அண்ணன். “எங்களை விட்டுவிட்டு அங்கே சௌகரியமாக இருந்தாரே” என்று யாராவது சொன்னால், சொல்ல அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை என்ற கேள்வி அம்மா மனதில் இருக்கும். மலேசியாவும் சீனாவும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1974 மே 31-இல்தான். அதற்குப் பிறகும் சாதாரண மலேசியர்கள் உறவினரைப் பார்க்கப் போவதற்கு இருந்த தடைகள் 1990-இல்தான் நீங்கின. 1984-இல் இறந்த ஒருவருக்கு அந்தக் கதவு முழுதாகத் திறக்கவே இல்லை. அம்மாவிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் முகம். கூட்டம் கூடும், படம் எடுப்பார்கள், குழந்தைகள் முறைத்துப் பார்க்கும். கோங் கோங்கின் பழைய புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா வாயைத் திறந்து கான்டனீஸில் இரண்டு வார்த்தை பேசினால் பாதி வேலை முடிந்தது. கஷ்டம் தமிழ் ஜாடையில் இல்லை, நீங்கள் மகள் வழி என்பதில் இருக்கிறது. கான்டனீஸில் மகள் வயிற்றுப் பேத்தியைக் குறிக்கும் சொல்லிலேயே ‘வெளி’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? குலதெய்வக் கோயிலில் பங்காளிகளிடம்தானே வரி வாங்குகிறார்கள், கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்பதில்லையே. பழைய வம்சாவளிப் புத்தகங்களில் மகள்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது, மனைவிகூட இன்ன குடும்பத்தவள் என்ற அளவோடு நிற்பாள். இப்போது புதிதாக அச்சிடும் சில குடும்பங்கள் மகள்களையும் சேர்க்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம், சண்டை போடக் கூடாது.

வீட்டைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். “இது எங்கள் தாத்தா வீடா?” என்று அப்பாவியாகக் கேட்டால்கூட, பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்காவது தோன்றும். அவர்களாகக் காட்டட்டும். பல வீடுகள் பூட்டியே கிடக்கும். தோய்சான்காரர்களில் ஊரில் இருப்பவர்களைவிட அமெரிக்கா, கனடா, ஹாங்காங் போனவர்கள்தான் அதிகம். முன்னால் குளம், பின்னால் மூங்கில், நடுவில் நெருக்கமான சந்துகள் என்று கிராமம் அழகாகவே இருக்கும், ஆள்தான் இருக்காது.

அதனால்தான் செங் பெங் நேரம் என்று நீங்கள் நினைத்தது சரி. ஏப்ரல் 4 அல்லது 5-ஐ ஒட்டி வெளியூர் உறவெல்லாம் கல்லறைக்கு வந்து சேரும். நெரிசலும் அப்போதுதான். பிப்ரவரிக்குள் கிராமத்திலிருந்து உறுதியான பதில் வந்தால் அம்மாவோடு ஏப்ரலில் போங்கள். வராவிட்டால் நவம்பரில், குளிர் தொடங்கும் முன், நீங்கள் மட்டும் நான்கு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 74 வயதில் தவறான கிராமத்தில் அழுதுவிட்டுத் திரும்புவது நல்ல அனுபவம் இல்லை. சீனப் புத்தாண்டும் அக்டோபர் முதல் வாரமும் வேண்டவே வேண்டாம்.

மற்றதெல்லாம் சுலபம். 2025 ஜூலை 17 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி மலேசியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். குவாங்சோவுக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து தோய்சானுக்கு 2018 முதல் விரைவு ரயில் ஓடுகிறது. ரயில் பலகையில் மாண்டரின் உச்சரிப்புப்படி ‘தாய்ஷான்’ என்றிருக்கும். அங்குள்ள வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது, நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் திறக்கும். வீசாட் செயலியை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், உறவு தொடரப்போவது அதில்தான். நகரத்து ஹோட்டலில் தங்குங்கள். உறவினர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், அந்தச் சிரமத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தோய்சான் பேச்சு கான்டனீஸுக்கு உறவானதுதான் என்றாலும் அம்மாவுக்கே பாதி புரியாது. உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை முழு நாளுக்கும் அமர்த்திக்கொண்டால் மொழிபெயர்ப்பும் நடந்துவிடும்.

கொண்டுபோக ஈப்போ வெள்ளைக் காப்பியும் பிஸ்கட்டும் போதும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்பாவ் (சிவப்பு உறையில் பணம்), அதில் நான்கு என்ற எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் கூடவே கூடாது, சீனத்தில் அந்தச் சொல் சாவுச் சடங்கை நினைவூட்டும். படையலுக்கு முழுப் பன்றி வாட்டுவார்கள். செலவை முன்கூட்டியே உறவினரிடம் கேட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள், நீங்களாக எல்லாவற்றையும் கொடுத்துப் பெருமை காட்ட வேண்டாம். திரும்பும்போது ஒரு பிடி மண் எடுத்துவந்து இங்குள்ள கல்லறையில் போடுபவர்கள் உண்டு. அம்மாவுக்குத் தோன்றினால் செய்யட்டும்.

கடைசியாக, கல்லைப் பார்க்க அம்மாவை முதல் நாளே அழைத்துப் போகாதீர்கள். சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரோடு நீங்கள் முன்னால் போய் வாருங்கள். ஊர்ப் பெயரைத் தவிர அந்தக் கல்லில் பிள்ளைகளின் பெயர்களும் ஓரமாகச் செதுக்கியிருப்பார்கள். ஆறு வருடம் பேசாத மகளின் பெயர் அங்கே இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.