மழைக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயரா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். 72 கிலோ எடை. 29 இன்ச் மவுண்டன் பைக், கம்பெனியே போட்டுத்தந்த 2.1 இன்ச் அகல டயர். வாரநாளில் தார்ச்சாலை, வாரக்கடைசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட மண்பாதை. ஜூன் மாதம் வந்தாலே இறக்க வளைவுகளில் முன்சக்கரம் வழுக்குகிறது. காற்று 45 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். மழைக்கு ஒரு செட், வெயிலுக்கு ஒரு செட் என்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் குற்றவாளி உங்கள் 45 பி.எஸ்.ஐ. தார்ச்சாலைக்கு அது சரி; மண்ணில் அந்த அளவுக்கு டயர் கல்லாக இறுகிவிடும். வேரிலும் சரளையிலும் அமுங்கிப் பிடிக்காமல் துள்ளும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவு 'இதைத் தாண்டாதே' என்பதற்குத்தான், 'இவ்வளவு வை' என்பதற்கல்ல. குறைந்தபட்சமும் போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

ட்யூப் போட்ட 2.1 டயருக்கு, உங்கள் எடைக்கு முன்னால் 30, பின்னால் 33 என்று தொடங்குங்கள். ஒரே இறக்கத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் 1 பி.எஸ்.ஐ. குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் 'டக்' என்று இடித்தால் 2 ஏற்றிவிடுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். விரலால் அமுக்கிப் பார்க்கும் கணக்கு இங்கே உதவாது. மீட்டர் வைத்த ஃப்ளோர் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். டயருக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அதுதான்.

அடுத்தது முன் டயர். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் போனால் ஆளும் போவார். ஆகவே முன்னால் மட்டும் 2.3 அல்லது 2.35 அகலம், உயரமான ஓரப் பட்டன்கள் (டயரின்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முண்டுகள்), பட்டன்களுக்கிடையே தாராளமான இடைவெளி, மென்மையான ரப்பர் உள்ள டயராகப் பாருங்கள். மேக்ஸிஸ் மினியன் டி.எச்.எஃப். இந்த வகையில் பலரும் அறிந்தது. இடைவெளி ஏன்? நீலகிரியின் செம்மண் நனைந்தால் பிசினாக ஒட்டும். நெருக்கமான பட்டன்களுக்குள் அது அப்பிக்கொண்டால் சக்கரம் நான்கு சுற்று சுற்றுவதற்குள் டயர் மொழுமொழு என்றாகிவிடும். இடைவெளி இருந்தால் சுற்றும் வேகத்திலேயே மண் உதிரும்.

வாங்குமுன் இரண்டு அளவுகள். ரிம்மின் உள் அகலம் 20 மி.மீ.க்குள் இருந்தால் 2.25-ஓடு நிறுத்துங்கள், குறுகிய ரிம்மில் அகல டயர் வளைவில் தள்ளாடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் டயருக்கும் இடையே பக்கத்துக்கு 6 மி.மீ.யாவது இடம் வேண்டும், இல்லாவிட்டால் சேறு அங்கே அடைத்துச் சக்கரத்தையே பிடித்து நிறுத்தும்.

சேற்றுக்கென்றே முள் முள்ளாக உயர்ந்த பட்டனோடு டயர் விற்கிறார்கள். ஆழமான சேற்றில் அதற்கு ஈடில்லை. ஆனால் தோட்டப் பாதை முழுக்கச் சேறா என்ன? கல், புல், வேர், நடுவே கொஞ்சம் தார் என்று மாறி மாறி வரும். கெட்டித் தரையில் அந்த உயரப் பட்டன்கள் மடங்கிக்கொடுத்து வண்டியை நெளியவைக்கும். உங்களுக்கு அது வீண்செலவு.

நனைந்த வேரும் பாசி பிடித்த கல்லும் வேறு கதை. குத்தி இறங்க அங்கே மண்ணே இல்லை. பட்டன் எவ்வளவு உயரமானாலும் பயனில்லை. கைகொடுப்பது மென்மையான ரப்பரும் குறைந்த காற்றும்தான். வேரைக் குறுக்காக, நேர்கோட்டில், பிரேக்கை விட்டுவிட்டுக் கடந்துவிடுங்கள்.

பின்னால் இப்போதைய 2.1 டயரே இருக்கட்டும். வாரநாள் தார்ச்சாலைக்குத் தாழ்ந்த, நெருக்கமான பட்டன்தான் லேசாக உருளும். அதிகம் தேய்வதும் பின் டயர்தான், அங்கே மென்ரப்பர் போட்டால் காசு ரோட்டில் கரையும். மழையில்லாத மாதங்களில் கெட்டி மண்ணின்மேல் மாவுப்புழுதி படிந்திருக்கும்போதும் இந்த ஜோடி போதும். திங்கட்கிழமை காற்றை 40-க்கு ஏற்ற மறக்காதீர்கள்.

மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி முன்னோக்கிச் சுழல்கிறதா என்று பாருங்கள். முன் டயரின் ஓரப் பட்டன்கள் முனை மழுங்கியதும் அதைப் பின்னால் மாற்றிப் புதியதை முன்னால் போடலாம். பின்னால் தேய்ந்ததை முன்னால் போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.